யாருடைய குழாய்? புக்கிட் பாஞ்சாங் கூட்டுரிமை வீட்டுக்காரர்களின் கோரிக்கைச் சாசனம்

சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில் கூட்டுரிமைக் குடியிருப்புகளில் வீடு வாங்கி வாழும் நாங்கள், எங்கள் நிர்வாகக் கழகங்களுக்கும் நிர்வாக முகவர்களுக்கும், வீடு கட்டி விற்கும் நிறுவனங்களுக்கும், கட்டட, கட்டுமான ஆணையத்துக்கும் இதை எழுதுகிறோம்.

எங்களில் ஒருவர் வீட்டுச் சமையலறைக் கூரையில் தோசைக்கல் அளவுக்கு ஈரம் படிந்தது. பொய்க்கூரையைக் கழற்றிப் பார்த்தபோது, மேல்வீட்டுக் குளியலறையின் கழிவுநீர்க் குழாய் தளத்துக்கு அடியில், கீழ்வீட்டுக்குள்ளேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மூட்டு கசிந்தது. “குழாய் மேல்வீட்டுக்கு மட்டும் பயன்படுவது, நீங்கள் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்” என்றார் முகவர். “என் வீட்டுக்குள்ளேயே இல்லாத குழாய்க்கு நான் எப்படிம்மா பொறுப்பு? கட்டியவர்கள் அங்கே வைத்தார்கள், கழகம்தான் பார்க்க வேண்டும்” என்றார் மேல்வீட்டு அங்கிள். இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் ஏழு மாதம் அடுப்புக்குப் பக்கத்தில் வாளி நின்றது. தீபாவளிக்குப் பலகாரத் தட்டு கொடுத்து வாங்கிய இரண்டு குடும்பங்கள் மின்தூக்கியில் முகம் பார்க்காமல் நிற்கப் பழகின.

சட்டம் இல்லாமல் இல்லை. கட்டடப் பராமரிப்பு, அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் 2004இல் நிறைவேறி 2005 ஏப்ரல் 1இல் நடப்புக்கு வந்தது. எந்த வீட்டின் எல்லைக்குள்ளும் சேராததும், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வீட்டார் பயன்படுத்தவோ அனுபவிக்கவோ கூடியதும் பொதுச்சொத்து. அதை நல்ல நிலையில் வைத்திருப்பது நிர்வாகக் கழகத்தின் கடமை. 2017இல் சட்டத்தைத் திருத்தியபோது அடித்தளம், தூண், உத்தரம் போன்ற கட்டமைப்பு உறுப்புகளும், தீயணைப்பு நீர்த்தெளிப்பான்களும், மையக் குளிரூட்டு அமைப்பும் பொதுவானவை என்று தெளிவாக்கினார்கள். அதை வரவேற்கிறோம். அந்தக் கசிந்த மூட்டின் பக்கத்தில் நின்று பார்த்தால் மட்டும் தெளிவு போதவில்லை. உரிமை வரைபடம் வேறு விதமாகச் சொல்லாதவரை, வீட்டின் எல்லை சுவர், தளம் ஆகியவற்றின் நடுக்கோடு. அப்படியானால் தளத்துக்கு அடியில் தொங்கும் குழாய் கீழ்வீட்டு எல்லைக்குள் இருக்கிறது. ஆனால் அதில் ஓடுவது மேல்வீட்டுத் தண்ணீர்.

சட்டத்தின் 101ஆம் பிரிவு கீழ்வீட்டாருக்கு ஓர் ஆறுதல் தருகிறது. கூரையில் ஈரம் கண்டால், எதிர்ச்சான்று இல்லாதவரை, குறை மேலேதான் என்று, தகராறுகளை விசாரிக்கும் அடுக்குமாடி உரிமை வாரியம் ஊகித்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடு. ஆனால் ‘மேலே’ என்றால் மேல்வீடு அல்லது மேலுள்ள பொதுச்சொத்து. எங்கள் சண்டை முழுவதும் அந்த ‘அல்லது’வுக்குள் கிடக்கிறது.

இந்த ஊருக்கு இது புதிய சண்டையும் அல்ல. சிராங்கூன் சாலைக் கடைவீடுகளின் முன்னால் நாம் நடக்கும் அஞ்சடி, 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்திலிருந்து வருவது. நிலம் வீட்டுக்காரருடையது, வழி எல்லாருடையது. யார் அதில் சரக்கு வைக்கலாம், யார் ஒதுக்க வேண்டும் என்ற கேள்வி தீராமல் கிடந்து, 1888இல் நகராட்சி அஞ்சடிகளைக் காலி செய்யப் போனபோது கலவரமாக வெடித்தது. உரிமை ஒருவரிடமும் பயன் பலரிடமும் இருக்கும் இடத்தில் எல்லைக்கோட்டை முன்கூட்டியே போடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை.

ஆகவே எங்கள் முதன்மையான கோரிக்கை: ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு பொறுப்பு வரைபடம் வேண்டும். நில அளவையாளர் மொழியில் உள்ள உரிமை வரைபடம் போதாது. குளியலறை, சமையலறை, மேல்மாடம், குளிரூட்டி வைக்கும் திட்டு என்று ஒவ்வோர் இடத்தையும் வெட்டிக் காட்டி, இந்தக் குழாய் யாருடையது, தரையோட்டுக்கு அடியிலுள்ள நீர்த்தடுப்புப் பூச்சு யாருடையது, தரைவடிகாலின் மூட்டுவரை யார், அதற்கப்பால் யார் என்று நிறமிட்டுக் காட்ட வேண்டும். புதிய கட்டடங்களில் சாவியோடு சேர்த்து இதைக் கட்டுநர் கொடுக்கட்டும். பழையவற்றில் கழகம் பொறியாளரை வைத்துத் தயாரித்து, பொதுக்கூட்டத்தில் விவாதித்து ஏற்கட்டும். ஆணையம் ஒரு மாதிரிப் படத்தை நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் வெளியிட வேண்டும். எங்கள் பெற்றோர் பலர் தமிழில்தான் படிக்கிறார்கள். பகலில் வீட்டில் இருந்து குழாய்க்காரருக்குக் கதவு திறப்பவர்களும் அவர்கள்தாம்.

அடுத்தது, முதலில் பழுதை நிறுத்துங்கள், கணக்கைப் பிறகு பாருங்கள். கசிவு என்று எழுத்தில் புகார் வந்தால் ஏழு நாளுக்குள் சோதனை நடக்க வேண்டும். பொறுப்பு யாருடையது என்று முடிவாகாவிட்டாலும் சொட்டுவதை நிறுத்தும் வேலையைக் கழகம் உடனே செய்துவிட்டு, செலவைப் பின்னர் உரியவரிடம் வசூலிக்கட்டும். வாரியத்துக்குப் போகலாம்தான்; முதலில் சமரசப் பேச்சு, பிறகு விசாரணை. ஆனால் தண்ணீர் தீர்ப்புக்குக் காத்திருப்பதில்லை. அக்கம்பக்கத்து வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் கூரை கசிந்தால், உதவித் திட்டத்தின்கீழ் வீவக பாதிச் செலவை ஏற்க, மீதியை மேல்வீடும் கீழ்வீடும் பகிர்கின்றன. அதை அப்படியே எங்களுக்குக் கேட்கவில்லை. எங்கள் பணம் எங்கள் பணமே. தகராறுக்கு முன்பே பங்கீடு தெரிந்திருக்கிறதே, அந்த நிம்மதியைக் கேட்கிறோம்.

வெளிச்சுவரைப் பற்றியும் பேச வேண்டும். செஸ்ட்நட் அவென்யூவில் உள்ள ட்ரீ ஹவுஸ் குடியிருப்பின் 24 மாடி உயரச் செடிச்சுவர் 2014இல் உலகின் மிகப் பெரிய செங்குத்துத் தோட்டம் என்று கின்னஸில் பதிவானது. அப்படி ஒரு சுவரைத் தன் சன்னலுக்கு நேரே உள்ள பகுதிக்காக எந்த வீட்டுக்காரரும் தனியாகப் பராமரிக்க முடியாது. அது எல்லாரும் கண்ணால் அனுபவிப்பது. எங்கள் சாதாரண வெள்ளைச்சுவரும் அப்படித்தான். 2022 முதல், 13 மீட்டருக்கு மேல் உயரமும் 20 ஆண்டுக்கு மேல் வயதும் உள்ள கட்டடங்களின் முகப்பை ஏழாண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். திறந்து மூடும் சன்னலோ பொதுவாக வீட்டுக்காரருடையது. அப்படியென்றால் சன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே உள்ள அடைப்புப் பசை யாருடையது? மழை உள்ளே வருவது பெரும்பாலும் அங்கேதான். முகப்புச் சோதனை அறிக்கையை எல்லா வீட்டாருக்கும் கொடுத்து, இதற்கும் பதில் எழுதுங்கள்.

பொதுச்சொத்தைத் தனியார் பயனுக்கு விடும்போதும் அதே கண்டிப்பு வேண்டும். மூன்றாண்டுக்கு மேல் ஒருவருக்கு விட 90 விழுக்காட்டுத் தீர்மானம் தேவை என்று சட்டம் சொல்கிறது. வாசலுக்கு வெளியே நீளும் செருப்பு அலமாரிகளை இத்தனை காலம் பார்த்தும் பாராமல் இருந்துவிட்டு ஒரு நாள் அபராதக் கடிதம் அனுப்புவது முறையாகாது. விதியை முன்கூட்டியே எல்லாருக்கும் சொல்லுங்கள்; அலமாரிகளை நாங்களும் எடுத்துவிடுகிறோம்.

பங்கு மதிப்புப்படி நாங்கள் கட்டும் பணம் நிர்வாக நிதிக்கும் சேமநிதிக்கும் போகிறது. தனிவீட்டுக் குழாயைப் பொதுப்பணத்தில் மாற்றினால் மற்றவர்கள் ஏமாறுகிறார்கள். பொதுக்குழாயை ஒரு வீட்டின் தலையில் கட்டினால் அந்த ஒருவர் நசுங்குகிறார். இரண்டாவதுதான் எங்களை அதிகம் வருத்துகிறது, ஏனென்றால் அந்த ஒருவர் பெரும்பாலும் தனியாக வாழும் முதியவர். ‘யார் பொறுப்பு’ என்று முடிவெடுத்த ஒவ்வொரு முறையும் காரணத்தை எழுத்தில் கொடுத்து, பெயர் நீக்கி, பதிவேட்டில் வையுங்கள். அடுத்த வீட்டுக்கு அதே நீதி கிடைக்கிறதா என்று நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

பொறுப்பு வரைபடத்தை வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் சேர்க்கக் கோரும் தீர்மானத்தை அவரவர் கழகத்துக்கு அனுப்புகிறோம். சமையலறைக் கூரை கசிந்த அந்த வீட்டுக்காரர் முதல் கையெழுத்தைப் போட்டிருக்கிறார். இரண்டாவது கையெழுத்து மேல்வீட்டு அங்கிளுடையது.