லோடு ஆட்டோவின் பூட் ரப்பரும் நமது கணக்கும்

கடை வைத்திருக்கும் நாம் தராசைத் தினமும் துடைக்கிறோம். ஃப்ரிட்ஜின் சத்தம் சற்று மாறினாலும் அன்றே ஆளை வரவழைக்கிறோம். ஆனால் மொத்த மார்க்கெட்டிலிருந்து சரக்கைக் கொண்டு வந்து சேர்க்கும் லோடு ஆட்டோவின் அடிப்பாகத்தை ஒரு நாளாவது குனிந்து பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? "ஓடும் வரை ஓடட்டும்" என்ற மனப்பான்மையே பரவலாக இருக்கிறது. இதனால் வீணாகும் பணம் கொஞ்சமல்ல. அதில் பெரும் பங்கு வகிப்பது ஆக்சிலில் மாட்டியிருக்கும் பூட் ரப்பர் என்பது என் கருத்து.

மூன்று சக்கர லோடு வண்டிகளில் பல மாடல்களில், கியர் பெட்டியிலிருந்து இரண்டு பின் சக்கரங்களுக்கும் தனித்தனியே ஆக்சில் ஷாஃப்ட் செல்கிறது. பள்ளம் மேட்டில் சக்கரம் ஏறி இறங்கும்போது ஷாஃப்டும் சாய்ந்து கொடுக்க வேண்டும். அதற்காக அதன் முனைகளில் ஜாயிண்ட் உண்டு. அந்த ஜாயிண்டுக்குள் கிரீஸ் நிற்கவும், வெளியிலிருந்து மண்ணும் தண்ணீரும் போகாமலிருக்கவும் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை போட்டிருப்பார்கள். அதுதான் பூட் ரப்பர். (குட்டியானை என்று நாம் அழைக்கும், 2005-ல் வந்த டாடா ஏஸில் பின் ஆக்சில் முழுவதும் இரும்புக் கூட்டுக்குள்ளேயே அடங்கியிருப்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.) வெளிநாட்டுப் பண்ணைகளில் ஓட்டும் ஏ.டி.வி. என்ற நாற்சக்கர வண்டிகளின் கதி இன்னும் மோசம். நான்கு சக்கரமும் இழுக்கும் மாடல்களில் ஷாஃப்டுக்கு இரண்டாக எட்டு பூட் இருக்கும். காட்டுக் குச்சியும் கல்லும் கிழித்துவிடும் என்பதால், ஓட்டுபவர்கள் பலர் மாற்று பூட்டையும் கிளிப்பையும் கையோடு வைத்திருக்கிறார்கள். சேற்றில் விளையாட்டாக ஓட்டுபவர்களுக்கு உள்ள இந்த முன்யோசனை, வண்டியை நம்பிப் பிழைக்கும் நமக்கு இல்லை.

ரப்பர் கிழிந்ததும் வண்டி நின்றுவிடுவதில்லை. ஆபத்தே அதில்தான் இருக்கிறது. முதலில் கிரீஸ் சுழற்சியில் சிதறிச் சக்கரத்தின் உட்புறம் கருப்பாகப் படியும். பிறகு மண் உள்ளே போய் மிச்சமிருக்கும் கிரீஸோடு கலந்து, உரைகல் போல் ஜாயிண்டை அரைக்கும். திருப்பத்தில் 'டக் டக்' என்றோ, கியர் போட்டு இழுக்கும்போது 'டங்' என்றோ சத்தம் கேட்கத் தொடங்கினால், பெரும்பாலும் ஜாயிண்ட் தேய்ந்துவிட்டது என்று பொருள். சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை அப்போது ஆயிரக்கணக்கில் போய் நிற்கும். ஷாஃப்ட் ஒரு பக்கம் விட்டுப் போனாலும் டிஃபரன்ஷியலின் இயல்பினால் மறு பக்கமும் இழுக்காது. ஏற்றத்தில் லோடோடு அப்படி நடந்தால் வண்டி பின்னோக்கி உருளும். டிரைவர் உடனே பிரேக்கை மிதிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலையில் தக்காளியும் கீரையும் நடுரோட்டில் நிற்கும் நஷ்டம் தனி.

கிழிந்தது தெரிந்தபின் நம் ஊரில் செய்யும் வைத்தியம் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக் கம்பியால் முறுக்குவது. ஒர்க்‌ஷாப் போய்ச் சேரும் வரைக்கு அது சரி. அதையே மாதக்கணக்கில் விட்டு வைப்பதைத்தான் நான் கண்டிக்கிறேன். கம்பி ரப்பரை இன்னும் அறுக்கும். உள்ளே போன மண்ணும் அங்கேயே இருக்கும். முறையான வேலை என்றால் ஷாஃப்டைக் கழற்றி, பழைய கிரீஸை முழுவதும் வழித்து, ஜாயிண்டைக் கழுவி உலர்த்தி, தேய்மானம் பார்த்து, அதற்கென்றே உள்ள கிரீஸை வைத்துப் புது ரப்பரும் புதுக் கிளிப்பும் போட வேண்டும். இத்தகைய ஜாயிண்டுகளுக்குப் பெரும்பாலும் மாலிப்டினம் கலந்த கருப்புக் கிரீஸையே சொல்கிறார்கள். டப்பாவில் இருக்கும் ஏதோ ஒரு கிரீஸை அப்பிவிட்டு அனுப்பும் மெக்கானிக்கிடம் கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டு. பக்கத்தில் எண்ணெய் ஒழுகி ரப்பர் ஊறியிருந்தால் அந்த ஒழுகலை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். இல்லையேல் புது ரப்பரும் அதே வழிதான்.

போலி சோப்பு, போலி டீத்தூள் என்று மேடையில் முழங்கும் நாமே ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் "விலை குறைஞ்சதா குடு" என்று கேட்கிறோம். தரமற்ற ரப்பர் வெயிலில் சீக்கிரம் வெடிக்கும் என்பது நமக்குத் தெரியாததா? 2025 செப்டம்பர் 22 முதல் மோட்டார் வாகன உதிரி பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. முன்பு பலவற்றுக்கு 28 சதவீதம். எனவே பில் இல்லாமல் வாங்கி மிச்சம் பிடிக்கும் ஆசைக்கு இப்போது காரணம் இன்னும் குறைவு. சரக்கு வண்டியின் ரிப்பேருக்கு முறையான பில் இருந்தால் உள்ளீட்டு வரி வரவும் எடுக்கலாம். காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கு அது கிடைக்காது. ஆயினும் பில் இருந்தால் பொருள் கோளாறு என்று திருப்பிக் கேட்கவாவது முடியும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சிலருக்குக் கோபம் வரலாம். வண்டி நின்றால் உடனே டிரைவர் மீது பாய்கிறோம். சில இடங்களில் சம்பளத்திலும் பிடிக்கிறார்கள். அனுமதித்த எடைக்கு மேல் மூட்டையை ஏற்றச் சொன்னது யார்? பாரம் கூடினால் வண்டி அமுங்கி, ஷாஃப்ட் எப்போதும் சாய்ந்த கோணத்திலேயே சுழல்கிறது. ரப்பரின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசித் தேய்கின்றன. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் மேலும் 2,000 ரூபாய். அது போதாதென்று ஆக்சில் செலவையும் நாமே வரவழைத்துக்கொண்டு, அதை ஒரு கூலித் தொழிலாளியின் தலையில் கட்டுவது வியாபார தர்மமாகாது. சொந்த ஆட்டோவை நமக்கு வாடகைக்கு ஓட்டுபவருக்கும் இது பொருந்தும். அவருடைய வண்டி நின்றால் அவர் வீட்டில் அடுப்பும் நின்றுவிடும்.

சங்கக் கிளைகளுக்கு ஒரு யோசனை. உறுப்பினர்களிடம் எந்தெந்த மாடல் வண்டிகள் உள்ளன என்று கணக்கெடுத்து, அவற்றுக்கான பூட் ரப்பர், கிளிப், கிரீஸ் செட்டுகளை அசல் தயாரிப்பாக மொத்தமாக வாங்கி, அடக்க விலைக்கே கொடுக்கலாம். நம்பிக்கையான ஒரு மெக்கானிக்கைப் பேசி, மழைக்காலம் தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட் வளாகத்திலேயே எல்லா வண்டிகளின் அடிப்பாகத்தையும் பார்க்கச் செய்யலாம். அன்றைக்கு டிரைவர்களுக்குச் சாப்பாட்டையும் சங்கமே ஏற்றுக்கொள்ளட்டும். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதைப் பொருளாக வைக்குமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.