சைனாடவுன் பஸ்ஸும் லுக்குட் தோட்டத்து ரோடும்



நம் ஆட்கள் நாலு பேர் காப்பிக் கடையில் உட்கார்ந்தால் தவறாமல் வரும் பேச்சு ஒன்று உண்டு. "சீனனைப் பாருங்க. கையில் ஒன்றும் இல்லாமல் வந்தான், கடை போட்டான், லாரி வாங்கினான், பஸ் விட்டான். நம்ம ஆளுங்களுக்கு ஒற்றுமையும் இல்லை, உழைப்பும் இல்லை." போர்ட்டிக்சன், லுக்குட், சிலியாவ், ரந்தாவ் என்று எங்கே போனாலும் இந்தப் பாட்டுத்தான். பிள்ளைகள் முன்னாலேயே சொல்கிறோம். அவர்களும் கேட்டுக்கொண்டே வளர்கிறார்கள்.

இது உண்மைதானா? பஸ் தொழிலையே எடுத்துக்கொண்டு பார்ப்போம். ஒரு மனிதனோ ஒரு சமூகமோ முன்னேறுவதற்கு முதலில் வீட்டைவிட்டு வெளியே போக வழி வேண்டும். வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பஸ் இல்லாமல் போக முடியாது.

அமெரிக்காவில் நடந்தது

1990களின் பிற்பகுதியில் நியூயார்க்கின் சைனாடவுனில் இருந்து பாஸ்டன் நகரத்துச் சைனாடவுனுக்கு 'ஃபுங் வா' என்ற பஸ் ஓடத் தொடங்கியது. சீனாவிலிருந்து குடியேறி வந்த ஒருவர் சிறிய வேன் சேவையில் ஆரம்பித்த தொழில் அது. அந்தப் பஸ்ஸுக்கு நிலையம் கிடையாது. பேக்கரி வாசலிலும் தெரு ஓரத்திலும் டிக்கெட் விற்றார்கள். போட்டி மும்முரமாக இருந்த காலத்தில் கட்டணம் பத்து டாலர் வரை இறங்கியது. பெரிய கம்பெனியான கிரேஹவுண்டும் தன் கட்டணத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று.

இந்த பஸ்களில் முதலில் ஏறியவர்கள் யார்? சீன உணவகத் தொழிலாளர்கள்தான். மன்ஹாட்டனில் வேலை பிடித்துக் கொடுக்கும் சின்னச் சின்ன ஏஜென்சிகள் இருந்தன. வேறு மாநிலத்து உணவகத்தில் சமையல், பாத்திரம் கழுவும் வேலை என்று அங்கிருந்துதான் ஆட்களை அனுப்பினார்கள். இங்கிலீஷ் தெரியாத, கார் இல்லாத அந்த மனிதர்களுக்குத் தங்கள் மொழியில் டிக்கெட் விற்கும் பஸ் தேவைப்பட்டது. மாணவர்களும் மற்றவர்களும் பிறகுதான் வந்து ஏறினார்கள். 2008-க்குள் பெரிய கம்பெனிகளே போல்ட்பஸ், மெகாபஸ் என்று அதே தெரு ஓர பாணியில் மலிவு பஸ் விட்டன.

இதை வெறும் "சீனர் உழைப்பு" என்று சொல்லி முடித்தால் பாதிக் கதைதான் சொல்லியிருப்போம். 1982-இல் அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டு வந்து, மாநிலம் விட்டு மாநிலம் போகும் பஸ்களுக்கு இருந்த கட்டுப்பாடுகளைப் பெரும்பாலும் தளர்த்தியது. புதிதாக வந்தவன்கூடப் பாதுகாப்பு, காப்புறுதி விதிகளைப் பூர்த்தி செய்தால் பஸ் விடலாம் என்று கதவு திறந்தது. உழைப்பு இருந்தது உண்மை. ஆனால் கதவும் திறந்திருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

மலாயாவில் நடந்தது

அவ்வளவு தூரம் போவானேன்? நம் பக்கமே இதே கதை அதற்கு எழுபது வருடம் முன்னால் நடந்திருக்கிறது. 1920களில் சிங்கப்பூரில் 'கொசு பஸ்' என்று ஒன்று ஓடியது. ஏழு பேர் உட்காரும் சின்ன வண்டி. விட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனாவிலிருந்து வந்தவர்கள். டிராம் வண்டிக் கம்பெனியின் பயணிகளை இழுத்துக்கொண்டார்கள். 1930களில் ஆங்கிலேய அரசாங்கம் தனி ஆட்கள் வண்டி விடுவதைத் தடுத்து, கம்பெனியாகச் சேர்ந்தால்தான் லைசென்ஸ் என்றது. அவர்களும் சேர்ந்தார்கள், சீன பஸ் கம்பெனிகள் உருவாயின.

லுக்குட்டின் சொந்தக் கதையும் நினைவில் இருக்கட்டும். இது ஈய ஊர். கோலாலம்பூரின் சீனக் கப்பித்தானாக உயர்ந்த யாப் ஆ லோய், 1850களில் லுக்குட் ஈயச் சுரங்கத்துக்கு வந்தபோது சாதாரணக் கூலி, சமையல்காரர். அவரும் கூலி, நம் தாத்தாவும் கூலி. ஆனால் அவர் இருந்தது சுரங்கப் பட்டணத்தில். அங்கே கடை, சந்தை, கடன் கொடுக்கிறவன், சங்கம் எல்லாம் பக்கத்திலேயே இருந்தன. சுரங்கம் தீர்ந்தால் அடுத்த ஊருக்கு நடந்து போகலாம்.

நம்மவர் இருந்ததோ தோட்டம். லயம் தோட்டத்துக்காரனுடையது. ரோடும் அவனுடையது. கோயிலும் பள்ளிக்கூடமும் அவன் நிலத்தில்தான் நின்றன. வேலை போனால் வீடும் போகும். வெளி ஆள் உள்ளே வரவேண்டுமானால் மானேஜர் அனுமதி வேண்டும். தோட்டத்து மண் சாலை மெயின் ரோட்டைத் தொடும் இடத்தில்தான் பஸ் நின்றது. அந்த இடம் வரை நடந்தவர்கள் நம் தாய்மார்கள். பட்டணத்தில் குடியிருந்தவன் பஸ் விட்டான், ரப்பர் காட்டுக்குள் குடிவைக்கப்பட்டவன் பஸ்ஸுக்காகக் காத்து நின்றான். இதில் குணக் குறை எங்கே இருக்கிறது? இட வித்தியாசம் அல்லவா இருக்கிறது!

நம்மவரால் முடியாதா?

பட்டணத்தில் இருந்த நம்மவர் செய்து காட்டியிருக்கிறார்கள். கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு ஓட்டலில் வேலை செய்தவர். 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்து பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கி, யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் நிறுவனத்தைக் கட்டினார். சிரம்பானிலேயே 'உத்தம் சிங்' என்று பெயர் எழுதிய பஸ்களைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். சீக்கியர் ஒருவரின் பெயர் அது. பஸ் தொழில் ஒரே இனத்தின் இரத்தத்தில் ஊறியது அல்ல.

சரி, தோட்டத்தில் இருந்தவர்களால்? அதற்கும் பதில் இருக்கிறது. தோட்டங்கள் துண்டு போட்டு விற்கப்பட்டுத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்த காலத்தில், 1960-இல், துன் வீ.தி. சம்பந்தன் முயற்சியில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பால் மரம் வெட்டியவர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள்! "நம்மவருக்கு ஒற்றுமை இல்லை" என்று சொல்கிறவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

இன்னொரு செய்தி. சீனர்கள் முதல் திரட்டியது சீட்டுப் பிடித்து என்பார்கள். நம்மிடமும் அது உண்டு, பெயர் 'கூட்டு'. நாடாளுமன்றம் 1971-இல் இயற்றிய சட்டத்தின் தலைப்பே 'கூட்டு நிதி (தடை) சட்டம்'. நம் சொல்லையே எடுத்துச் சட்டத்துக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள் என்றால், கூட்டுச் சேரும் பழக்கம் நம்மிடம் எவ்வளவு ஆழமாக இருந்திருக்க வேண்டும்! கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வது இந்தச் சட்டப்படி குற்றம், ஜாக்கிரதை. பணம் சேர்க்கச் சட்டப்படியான வழி கூட்டுறவுச் சங்கம்தான்.

முதலாளி நம்ம இனமானால் போதுமா?

இங்கேதான் தொழிலாளர் குடும்பங்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 1955-இல் சிங்கப்பூரில் ஹோக் லீ பஸ் கம்பெனியில் வேலைநிறுத்தம் நடந்தது. தவுக்கே சீனர். வேலைநிறுத்தம் செய்த தொழிலாளரில் மிகப் பலரும் சீனர். மே 12-ஆம் தேதி அது கலவரமாகி நான்கு உயிர்கள் போயின. ஒரே மொழி, ஒரே இனம் என்பதால் தவுக்கே சம்பளத்தை உயர்த்திக் கொடுக்கவில்லை.

அமெரிக்காவிலும் மலிவுக் கட்டணத்துக்கு யாரோ விலை கொடுத்தார்கள். 2011 மார்ச்சில், சூதாட்ட விடுதியிலிருந்து சைனாடவுனுக்குத் திரும்பிய ஒரு பஸ் நியூயார்க்கில் விபத்துக்குள்ளாகி 15 பேர் இறந்தார்கள். 2012 மே மாதம் ஒரே நடவடிக்கையில் 26 பஸ் நிறுவனங்களை அரசாங்கம் மூடியது. 2013-இல் ஃபுங் வா பஸ்களின் சட்டத்தில் விரிசல் கண்டுபிடிக்கப்பட்டு, எல்லா வண்டிகளும் நிறுத்தப்பட்டன. மறுபடி ஓட அனுமதி கிடைத்தும் முடியாமல், 2015-இல் அந்த நிறுவனம் கதவைச் சாத்தியது.

நம் நாட்டுக் கணக்கு இதைவிடக் கசப்பானது. 2013 ஆகஸ்ட் 21, கெந்திங் மலை, 37 பேர். 2025 ஜூன் 9, கெரிக், 15 பல்கலைக்கழக மாணவர்கள். கெரிக் விபத்துக்குப் பிறகு என்ன வெளியே வந்தது? லைசென்ஸ் ஒருவர் பெயரில், வண்டியை ஓட்டியது வேறு தரப்பு. பெர்மிட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அந்த நிறுவனத்தின் லைசென்ஸ் ரத்து செய்யப்பட்டது. போன உயிர்கள் திரும்பி வருமா?

பெர்மிட் வாடகை எப்படிப் பிறக்கிறது? லைசென்ஸ் தேவைப்படுகிறவனுக்குக் கிடைக்காமல், ஓட்ட நினைக்காதவன் கையில் கிடக்கும்போது பிறக்கிறது. 1971-க்குப் பிறகு புதிய பொருளாதாரக் கொள்கையின் கீழ் போக்குவரத்து லைசென்ஸ் இன அடிப்படையில் பங்கிடும் பொருளாகவும் ஆனது. அரசியலமைப்பின் 153-ஆவது பிரிவு மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வகுடிகளுக்கும் பெர்மிட்டில் ஒரு பங்கை ஒதுக்க இடம் தருகிறது. ஆனால் அதே பிரிவு, மற்றவர் ஏற்கெனவே வைத்திருக்கும் உரிமத்தைப் பறிக்க இடம் தரவில்லை. மற்றவருக்கு லைசென்ஸே கூடாது என்றும் சொல்லவில்லை. எட்டாவது பிரிவு சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது. ஆகவே, விண்ணப்பிப்பதற்கு முன்பே "நமக்கெல்லாம் கொடுக்க மாட்டான்" என்று உட்கார்ந்துவிடாதீர்கள். விண்ணப்பியுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

என்ன செய்யலாம்?

முதலாவது, பொது பஸ்ஸைக் கேளுங்கள். சிரம்பானில் 2015-இல் மைபஸ் திட்டம் வந்தது. அந்த முறையில் அரசாங்கம் பஸ் நிறுவனத்துக்கு ஓடிய கிலோமீட்டர் கணக்கில் பணம் தருகிறது. அதாவது, பஸ் எந்த ரோட்டில் போகிறது என்பதை இனி டிக்கெட் வசூல் மட்டும் முடிவு செய்வதில்லை, ஒப்பந்தம் முடிவு செய்கிறது. அந்தப் பணம் உங்கள் வரிப்பணமும்தான். சுங்காலா, தானா மேரா, சுவா பெத்தோங், பிராட்வால் போன்ற தோட்டத்துப் பக்கங்களில் இன்னும் எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன, காலையில் எத்தனை பேர் எங்கே வேலைக்குப் போகிறார்கள், எத்தனை வயதானவர்கள் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று நீங்களே வீடு வீடாகக் கணக்கெடுங்கள். அதைப் பெயர், கையெழுத்தோடு தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனமான அபாட்டுக்கும் உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் கொடுங்கள். ஒரு நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கி வையுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும், முத்திரை போட்ட கடிதம் நிற்கும்.

இரண்டாவது, லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டுவதை நிறுத்துங்கள். நம் இளைஞர்கள் பலர் பள்ளிப் பிள்ளைகளையும் தொழிற்சாலை ஆட்களையும் சொந்த வேனில் ஏற்றிப் பிழைக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, பஸ் வராத ஊரில் அவர்கள்தான் பஸ். ஆனால் 2010-ஆம் ஆண்டின் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டப்படி கூலிக்கு ஆள் ஏற்ற லைசென்ஸ் வேண்டும். சாதாரண சொந்த வாகனக் காப்புறுதி கூலிக்கு ஆள் ஏற்றுவதை உள்ளடக்குவதில்லை. ஒரு விபத்து நடந்தால் பிள்ளையை இழந்த குடும்பமும் நஷ்ட ஈட்டுக்கு அலையும், வண்டிக்காரர் குடும்பமும் தெருவுக்கு வரும். அடுத்தவர் பெர்மிட்டை வாடகைக்கு எடுப்பதும் இதே குழிதான்.

மூன்றாவது, தனித்தனியாக ஓட்டும் இவர்கள் ஒன்று சேர வேண்டும். கூட்டுறவுச் சங்கச் சட்டம் 1993-இன் கீழ் ஒரு போக்குவரத்துச் சங்கம் பதிவு செய்யலாம். பதிவு செய்வது மலேசியக் கூட்டுறவுச் சங்க ஆணையம். பள்ளி பஸ், தொழிற்சாலை பஸ் லைசென்ஸைச் சங்கத்தின் பெயரில் விண்ணப்பிக்கலாம். டயர், காப்புறுதி, பழுது பார்ப்பு எல்லாவற்றையும் சேர்ந்து வாங்கினால் விலை குறையும். ஓட்டுநருக்கு ஓய்வு நேரமும் சேமநிதியும் முதல் நாளிலிருந்தே விதியில் எழுதப்பட வேண்டும். கணக்கைப் பொதுக்கூட்டத்தில் உறுப்பினர் முன் வைக்க வேண்டும். தலைவர் பதவிக்காகச் சண்டை போடுகிறவர்களை வாசலிலேயே நிறுத்துங்கள். நம் சங்கங்களைக் கெடுத்ததில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

புத்ராஜெயா கட்டுவதற்காக நான்கு தோட்டங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் மக்கள் டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடியில் கொண்டுவிடப்பட்டதை நாம் மறக்கவில்லை. லுக்குட் பக்கமும் செம்பனையை வெட்டி வீடமைப்பு வருகிறது. வீடு எங்கே தருவார்கள் என்று பேரம் பேசும்போது, அந்த வீட்டு வாசலுக்கு பஸ் வருமா என்ற கேள்வியும் அதே காகிதத்தில் இருக்க வேண்டும்.

இனி காப்பிக் கடையில் யாராவது "சீனனைப் பார்" என்று ஆரம்பித்தால், "பார்த்தோம் அண்ணே, அவன் குடியிருந்த இடத்தையும் பார்த்தோம், நாம குடியிருந்த இடத்தையும் பார்த்தோம்" என்று சொல்லுங்கள். பிறகு கணக்கெடுப்புத் தாளை எடுத்து அவர் முன்னால் வையுங்கள். முதல் கையெழுத்து அவருடையதாக இருக்கட்டும்.