கடற்கொள்ளையர் படகு சவாரியை மாத்தினது தப்பா?

இன்னைக்கு அறிவிப்பு எதுவும் இல்ல, வேற ஒரு விஷயம். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

கலிபோர்னியா டிஸ்னிலேண்ட்ல 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்'னு ஒரு படகு சவாரி இருக்கு. நம்மள்ல பல பேருக்கு ஜானி டெப் படம்தான் தெரியும். படம் 2003. சவாரி திறந்தது 1967.

இருட்டுக்குள்ள படகு மெதுவா போகும். கொள்ளைக்காரங்க ஒரு ஊரைப் பிடிச்சு ஆட்டம் போடுறதை ரெண்டு பக்கமும் இயந்திர பொம்மைங்க நடிச்சுக் காட்டும். அதுல ஒரு இடத்துல பெண்களைக் கயித்துல கட்டி, வரிசையா நிறுத்தி, மனைவியா ஏலம் விட்டாங்க. ஏலத்துக்கு நின்னது ஒரு குண்டான பெண். இவ வேணாம், பின்னால நிக்கிற சிவப்பு முடிக்காரிதான் வேணும்னு கொள்ளைக்காரங்க கத்துவாங்க. படகுல உள்ளவங்க சிரிக்கணும். ஐம்பது வருஷம் சிரிச்சாங்க.

2018-ல அதை மாத்திட்டாங்க. இப்ப அந்தச் சிவப்பு முடிக்காரியே ஒரு கொள்ளைக்காரி. ஏலத்துல போறது ஊர்க்காரங்க சாமான்.

ரசிகர்கள் பல பேர் கொதிச்சுட்டாங்க. வால்ட் டிஸ்னி தன் மேற்பார்வையில உருவாக்கின கடைசி சவாரிகள்ல இது ஒன்னு. திறக்க மூணு மாசம் இருக்கும்போது இறந்துட்டார். அந்தப் பாசம் எனக்குப் புரியுது. அப்பா பக்கத்துல உக்காந்து பார்த்ததை, தன் பிள்ளைக்கும் அப்படியே காட்டணும்னு நினைக்கிறவரை நான் கேலி பண்ண மாட்டேன்.

ஆனா 'அப்படியே' எப்ப இருந்துச்சு? 1997-லயே, பெண்களைத் துரத்தின கொள்ளைக்காரங்களைச் சாப்பாட்டுக்காகத் துரத்துற மாதிரி மாத்தியாச்சு. 2006-ல படத்து ஜாக் ஸ்பாரோவை உள்ள கொண்டு வந்து வச்சாங்க. என்னைக் கேட்டா அது வெறும் விளம்பரம். கோபப்படணும்னா அதுக்குப் படலாம்.

இன்னொரு வாதம் கனமானது. கொள்ளைக்காரன்னா கெட்டவன்தானே, அவன் செஞ்சதை ஏன் மறைக்கணும்? மறைக்கலையே! ஊர் இன்னமும் எரியுது, எலும்புக்கூடு கிடக்கு, ஊர்த் தலைவரைக் கிணத்துல முக்கி முக்கி எடுக்குறாங்க. அதுவும் காமெடிதானேன்னு கேப்பீங்க. ஆமா. ஆனா படகுல வர்ற யாரையும் நாளைக்குக் கிணத்துல முக்கப் போறதில்ல. பெண்ணை நிறுத்தி வச்சு உடம்பைப் பார்த்து, நிறத்தைப் பார்த்து, இவ வேணாம் அவ வேணும்னு சொல்றது அப்படியா? பெண் பார்க்கப் போன வீட்டுல அந்த மாதிரி பேச்சைக் காதுல வாங்கின அக்காமார் இந்தப் பதிவைப் படிப்பீங்க. அந்தக் குண்டான பொம்மையைப் பார்த்து எல்லாரும் சிரிக்கும்போது, பக்கத்துல பதினாலு வயசுப் பிள்ளை உக்காந்திருந்தா அவ எங்க பார்ப்பா?

பழசை விரும்புறவங்க அவளுக்கு என்ன பதில் வச்சிருக்காங்கன்னு நானும் தேடிப் பார்த்தேன். "சும்மா ஒரு ஜோக்"தான் கிடைச்சது.

மாற்றுக் கருத்து இருந்தா கீழ எழுதுங்க, திட்டாம. லீவுக்கு அந்தப் பக்கம் போற குடும்பங்க கட்டாயம் ஏறுங்க. ஆரம்பத்துலயே ரெண்டு இறக்கம் வரும், சின்னப் பிள்ளைங்களை நடுவுல உக்கார வைங்க.