பூட்டு ஊர்க்காரனும் பூட்டிய தீவுகளும்

இந்த தடவை எனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு விஷயம்: கடல்.

பேகம்பூர்ல உக்காந்துகிட்டு கடலைப் பத்திக் கருத்து சொல்றதுக்கு ஒரு தைரியம் வேணும்தான். எங்க வீட்டு மொட்டை மாடியில ஏறினா தெரியறது சிறுமலை. காத்து திரும்பினா வர்றது தோல் ஷாப் வாசம். கடல்னா எங்களுக்குக் கருவாடு, அவ்வளவுதான். ஆனாலும் ஒரு மாசமா மனசுல கிடக்குற விஷயம், எழுதிடறேன்.

ஆரம்பிச்சு வச்சது எங்க அக்காவும் மச்சானும். மச்சானுக்குப் பூட்டுப் பட்டறை. ராத்திரி கடை அடைச்சுட்டு வந்து ரெண்டு பேரும் யூட்யூப் பார்ப்பாங்க. அதுல நார்வேயில ஒரு வெள்ளைக்கார ஜோடி. சின்ன மோட்டார் படகு, உள்ளேயே அடுப்பு, படுக்கை. இன்னிக்கு ஒரு தீவு, நாளைக்கு ஒரு தீவுன்னு போய்க்கிட்டே இருக்காங்க. "நம்ம ஊர்ல தீவே இல்லையா?"ன்னு அக்கா கேட்டுச்சு. மச்சான் தேடிப் பாத்துட்டு, "21 இருக்கு, ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவுல"ன்னாரு. கல்யாண நாளுக்கு அங்கே போறதுன்னு முடிவாச்சு. தொத்திக்க நானும்!

மன்னார் வளைகுடாத் தீவுகள் பேரைப் படிச்சாலே ஆசை வரும். முசல் தீவு, மனோலி, பூமரிச்சான், புள்ளிவாசல், தலையாரி, ஆனைப்பார்... வேம்பார் பக்கம் ஒரு தீவுக்குப் பேரு நல்லதண்ணி, இன்னொண்ணுக்கு உப்புத்தண்ணி! திண்டுக்கல்காரங்களுக்கு இந்த ரெண்டு வார்த்தையும் என்னன்னு சொல்லணுமா? ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணி குழாயில வர்ற நாளை எண்ணி வாழ்ந்தவங்க நாங்க. "நம்ம தெரு பேரை வச்சிருக்காங்கடா"ன்னு அத்தா சிரிச்சார்.

மண்டபம் போய் இறங்கி விசாரிச்சா, கதை அங்கேயே முடிஞ்சுது. தனியா படகு எடுத்துக்கிட்டுப் போய் இஷ்டத்துக்குத் தீவுல இறங்க முடியாது, ராத்தங்கல் பேச்சே கிடையாது. 1986-ல இருந்து அது கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதி இல்லாம நுழைஞ்சா வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ராமேஸ்வரத்தைத் தாண்டினா சர்வதேச எல்லை வேற. அங்கே மீனவங்களே பயந்து பயந்து போறாங்க, நாம ஜாலியா போக முடியுமா?

எனக்கு வந்துச்சே கோபம்! பூட்டு செய்யறது எங்க ஊர், ஆனா கடலுக்கே பூட்டு போடுற ஊரை இப்பத்தான் பாக்குறேன்னு அங்கேயே கத்தினேன். நார்வேக்காரன் போறான், குரோஷியாக்காரன் போறான், நமக்கு மட்டும் ஏன் இல்ல?

ஊருக்கு வந்து கொஞ்சம் படிச்சேன். கோபம் பாதி இறங்கிடுச்சு. ஏன்னு சொல்றேன்.

முதல்ல, அந்த 21 இப்போ 21 இல்ல. கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டி, தூத்துக்குடிப் பக்கம் விலாங்குச்சல்லி, ரெண்டும் தண்ணிக்குள்ள போயிடுச்சு. இந்தத் தீவுகள் மலை கிடையாது. பவளத்திட்டு மேல குவிஞ்ச மணல். அலை நேரா வந்து அடிக்காம சுத்தி இருக்குற பவளப்பாறைதான் தடுக்குது. அந்தப் பவளத்தைப் பல வருஷம் சுண்ணாம்புக்காக வெட்டி வெட்டி எடுத்தாங்க. 2001-ல பவளத்தை வனவிலங்குச் சட்டத்தோட முதல் அட்டவணையில சேர்த்தாங்க, புலிக்குச் சமமான பாதுகாப்பு. ஆனா வெட்டின இடத்துல பாறை உடனே வளர்ந்துடாது. போதாக்குறைக்கு 2010, 2016 ரெண்டு வருஷமும் கடல் சூடேறி நிறைய பவளம் வெளுத்துச்சு. தூத்துக்குடிக்குப் பக்கத்துல வான் தீவு கரைஞ்சுக்கிட்டே வந்ததால, 2015-ல இருந்து காங்கிரீட்ல செயற்கைத் திட்டு செஞ்சு கடலுக்குள்ள இறக்கியிருக்காங்க.

இந்த இடத்துல நம்ம ஜோடிப் படகு போய் நங்கூரம் போட்டா என்ன ஆகும்? பவளத்து மேல விழுந்தா உடையும். ஆழம் குறைவான இடத்துல மோட்டார் விசிறி கடல்புல்லை அறுத்துட்டுப் போகும். அந்தப் புல்லை மேயறதுதான் ஆவுளியா, அதாவது கடல்பசு. அது மூச்சு விட மேல வந்தே ஆகணும். வேகமா வர்ற படகைக் கண்டு விலக அதுக்கு அவ்வளவு சுறுசுறுப்பு கிடையாது. ஒரு ஜோடி போனா ஒண்ணும் ஆகாது, சரி. யூட்யூப்ல போட்டா அடுத்த மாசம் ஆயிரம் ஜோடி வரும். கொடைக்கானல் மலைப்பாதையில லீவு நாள்ல மாட்டிக்கிட்டவங்களுக்கு இது புரியும் :-)

அதனால பூட்டு சரிதான்னு ஒத்துக்கிட்டேன். மீதிப் பாதிக் கோபம் எதுக்குன்னு கேக்குறீங்களா? அதுக்குத்தான் இந்தக் கட்டுரையே.

மண்டபத்துல சாயங்காலம் கரையில உக்காந்திருந்தோம். ஒரு சின்ன வள்ளம் வந்து ஒதுங்கிச்சு. ஒரு ஆளு இன்ஜினைத் தூக்கி வச்சார். கூட இருந்த அம்மாவுக்கு எங்க அம்மா வயசு இருக்கும். சேலைக்கு மேல சட்டை, கழுத்துல நீச்சல் கண்ணாடி, விரல் எல்லாம் துணி சுத்தியிருந்துச்சு. புருஷன் பொண்டாட்டி. ஈரமா ஒரு மூட்டை இறக்கினாங்க, பாசி. அக்கா பேச்சு குடுத்துச்சு.

"அக்கா, தினம் ரெண்டு பேருமாத்தான் போவீங்களா?"

"ஆமாம்மா. அவரு வள்ளத்தைப் பாத்துக்குவாரு, நான் முங்கி எடுப்பேன். கல்லு விரலை அறுத்துரும், அதான் துணி."

"தீவுக்குள்ள போவீங்களா?"

அந்த அம்மா சிரிச்சுட்டுச் சொன்னாங்க: "சின்னப் பிள்ளையில எங்க ஆத்தாகூட தீவுல கஞ்சி காச்சிக் குடிச்சிருக்கேன். இப்ப பக்கத்துல போனாலே விரட்டுறாங்க."

அக்காவும் மச்சானும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. சின்ன மோட்டார் படகு, தீவுக் கூட்டம், ஒரு ஜோடி. நாங்க காசு கொடுத்து வாங்க நினைச்ச அதே வாழ்க்கை! ஆனா அதை யாரும் வீடியோ எடுக்கல, ஏன்னா அது உல்லாசம் இல்ல, கூலி.

அகார் செய்யறதுக்கு மரிக்கொழுந்துப் பாசியும், வேற வேலைக்குக் கட்டக்கோரையும் எடுக்குறாங்க. அதுலயும் பாசி எடுக்குற பெண்கள் பல கிராமத்துல தாங்களே கூடிப் பேசி, மாசத்துக்கு 12 நாள்தான் கடல்ல இறங்குறதுன்னு கட்டுப்பாடு வச்சிருக்காங்க. பாசி மறுபடி வளரணுமே! எந்த அதிகாரியும் போட்ட பூட்டு இல்ல அது, அவங்களே போட்டுக்கிட்டது. நெய்தல் திணைன்னா கரையில நின்னு இரங்குற பெண்ணைத்தான் பள்ளிக்கூடத்துல படிச்சோம். இங்கே அவங்களே முங்குறாங்க. கேரளத்துல சேற்றுவா ஊர் ரேகா, கணவர் கார்த்திகேயனோட சின்னப் படகுல ஆழ்கடலுக்குப் போய் மீன் பிடிக்கிறவங்க. 2017-ல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அவங்களைக் கூப்பிட்டு கௌரவிச்சுது. நம்ம பாசி அம்மாக்கள் எத்தனை பேரை நமக்குப் பேர் சொல்லித் தெரியும்?

என் கருத்து இதுதான். தீவுகள் பூட்டியே இருக்கட்டும். ஆனா சாவி யார் கையில இருக்கணும்னு யோசிக்கணும். பவளத்தை வெட்டி வித்தது சிலர், அதுக்கான தண்டனை விரலுக்குத் துணி சுத்தின அந்த அம்மாவுக்கு. நாளைக்கே சுற்றுலான்னு எல்லாத்தையும் திறந்தாலும் முதல்ல உள்ளே போகப்போறது காசு உள்ளவன்தான். அது மகா அநியாயம். எந்த இடத்துல, எத்தனை நாள் பாசி எடுக்கலாம்னு அந்தப் பெண்களை உக்கார வச்சு எழுதுங்க. அதுக்கு அப்புறம் சுற்றுலாவைப் பேசுவோம். அதையும் அந்த ஊர்க்காரங்களே நடத்தட்டும், அவங்க வள்ளத்துல, அவங்க ஓட்டட்டும். நடக்குற காரியமான்னு கேட்டா, ராமநாதபுரம் மாவட்டத்துலயே காரங்காடு இருக்கு. அலையாத்திக் காட்டுக்குள்ள ஊர்க்காரங்களும் வனத்துறையும் சேர்ந்து படகு விடுறாங்க. துடுப்புப் படகும் உண்டு, இன்ஜின் சத்தமே கிடையாது.

"அப்போ நம்ம மாதிரி ஆளுங்களுக்கு சுதந்திரமே இல்லையா?"ன்னு என் வகுப்பு நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். நார்வேக்காரனுக்கு இருக்குற சந்தோஷம் எனக்கும் வேணும்னுதான் நானும் கத்தினேன். ஆனா அங்கே கரை நீளம், கூட்டம் கம்மி, தீவு கருங்கல்லு. இங்கே தீவு மணல், கரை பூரா ஜனம், எல்லாருக்கும் அந்தக் கடல்லதான் சோறு. ஒரே ஆசைக்கு ரெண்டு இடத்துல ரெண்டு விலை.

அக்காவும் மச்சானும் கல்யாண நாளை காரங்காட்டுலதான் கொண்டாடினாங்க. ரெண்டு பேரும் துடுப்பு போட்டு, ஒரே இடத்துல வட்டமடிச்சு, சண்டையும் போட்டாங்க. திரும்பி வரும்போது மச்சான் சொன்னது: "மாப்ள, பூட்டு செய்யறது ஒரு வேலை. சாவியை யார்கிட்ட குடுக்குறதுங்கறது வேற வேலை. ரெண்டாவதுதான் கஷ்டம்."

மாங்காய்ப் பூட்டு செஞ்சே கை காய்ச்சுப்போன மனுஷன் சொல்றார். எனக்குச் சரின்னுதான் படுது. உங்களுக்கு?