ஏலக் கூடத்துக்கு முன்பே முடிவாகும் விலை

ஐபிஎல் ஏலம் முடிந்த மறுநாள் ஒவ்வோர் ஆண்டும் ஒரே கேள்விதான் எழுகிறது: இந்த வீரருக்கு இவ்வளவு விலை தகுமா? 2025 டிசம்பர் 16 அன்று அபுதாபியில் ஆஸ்திரேலியாவின் கேமரூன் கிரீனை கொல்கத்தா நைட் ரைடர்ஸ் ரூ.25.20 கோடிக்கு எடுத்தபோதும் அக்கேள்வி எழுந்தது. இந்திய அணிக்கு ஒருமுறைகூட ஆடியிராத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா ஆகியோரைத் தலா ரூ.14.20 கோடிக்கு சென்னை சூப்பர் கிங்ஸ் வாங்கியபோது இன்னும் உரக்க எழுந்தது. கேள்வி நியாயமானதே. ஆனால், விடையை வீரரின் திறமையில் மட்டும் தேடினால் கிடைக்காது.

இந்தக் கணக்கை ஒழுங்காகப் போட்டுப் பார்த்தவர்கள் கிரிக்கெட்டோடு தொடர்பே இல்லாத அமெரிக்கர்கள். 1980இல் டேனியல் ஓக்ரெண்ட் என்ற எழுத்தாளரும் அவருடைய நண்பர்களும் நியூயார்க்கில் ஒரு விளையாட்டைத் தொடங்கினர். அவர்கள் கூடிய உணவகத்தின் பெயரை ஒட்டி அது ‘ரோட்டிசரி லீக்’ எனப்பட்டது. ஆளுக்கொரு கற்பனை அணி; உண்மையான பேஸ்பால் வீரர்களை ஏலத்தில் எடுத்து அதை நிரப்ப வேண்டும்; அவ்வீரர்கள் களத்தில் சேர்க்கும் புள்ளிகளே கற்பனை அணியின் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும். (‘ஃபேன்டஸி’ என்றதும் நம் நினைவுக்கு வருபவை, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் முடங்கிய பணப் பந்தயச் செயலிகள். இது அவற்றைவிடப் பழையது, நிதானமானது. ஒரு தொடர் முழுவதும் நீள்வது.)

இன்று வழக்கத்தில் உள்ள முறைப்படி 12 அணிகள், அணிக்கு 260 டாலர், 23 வீரர்கள். ஆக, ஏலத்தில் புழங்கும் மொத்தப் பணம் 3,120 டாலர். வாங்கப்படும் வீரர்கள் 276 பேர். ஏலத்துக்கு முன் விலைப் பட்டியலை இறுதிசெய்பவர் முதலில் பார்ப்பது, 277ஆவது வீரர் யார் என்பதைத்தான். அவர் யாருக்கும் இலவசமாகக் கிடைப்பவர். அவரைவிட எவ்வளவு கூடுதலாகப் பங்களிக்கிறார் என்பதுதான் மற்ற ஒவ்வொருவரின் மதிப்பு. அந்தக் கூடுதல் பங்களிப்புக்கு ஏற்ப மொத்தப் பணத்தைப் பகிர்ந்தால் விலை கிடைத்துவிடும்.

பழைய வீரர்களைத் தக்கவைக்க அனுமதிக்கும் லீக்குகளில் இன்னொரு படி உண்டு. 1,000 டாலர் மதிப்புள்ள வீரர்கள் 600 டாலருக்குத் தக்கவைக்கப்பட்டால், எஞ்சிய 2,120 டாலர் மதிப்புள்ள வீரர்களை 2,520 டாலர் துரத்தும். 30 டாலர் பெறுமானமுள்ள ஒருவர் 36 டாலருக்குப் போவார். அவர் ஆட்டம் ஒரு துளியும் மாறவில்லை. பணவீக்கம் மட்டும் அவர் மீது ஏறி அமர்ந்துகொண்டது.

இந்தக் கண்ணாடியை அணிந்து ஐபிஎல்லைப் பார்க்கலாம். 2024 நவம்பரில் ஜெத்தாவில் நடந்த பெரும் ஏலத்துக்கு அணிக்கு ரூ.120 கோடி வீதம் பத்து அணிகளுக்கு ரூ.1,200 கோடி. அதில் 46 வீரர்களைத் தக்கவைக்க ரூ.558.50 கோடி போனது. மீதி ரூ.641.50 கோடி, காலியிடங்கள் 204. அங்கே செலவானது ரூ.639.15 கோடி. ஏறத்தாழ முழுத் தொகையும் தீர்ந்துவிட்டது. யாருக்கு எவ்வளவு என்பது மட்டுமே அந்த இரண்டு நாள்களில் திறந்திருந்த கேள்வி; மொத்தம் எவ்வளவு என்பது அல்ல.

தக்கவைப்பின் விளைவுக்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. ஐந்து ஆண்டுகளாகச் சர்வதேசப் போட்டியில் ஆடாத இந்திய வீரரை ‘சர்வதேச அனுபவமற்றவர்’ பட்டியலில் சேர்க்கலாம் என்ற விதியின்படி, இந்தியாவுக்கு உலகக் கோப்பை வென்று தந்த மகேந்திர சிங் தோனி ரூ.4 கோடிக்குத் தக்கவைக்கப்பட்டார். 2022இல் அவருக்கு ரூ.12 கோடி. மிச்சமான எட்டுக் கோடி எங்கும் மறைந்துவிடவில்லை. அது ஏலத்துக்குள் நுழைந்து மற்றவர்களின் விலையில் கலந்தது. அதே ஏலத்தில் ரவிச்சந்திரன் அஸ்வினுக்கு சென்னை அணி கொடுத்தது ரூ.9.75 கோடி.

ரிஷப் பந்த்தின் ரூ.27 கோடி இன்னும் சுவையானது. போட்டி ஏலத்தில் அவர் விலை ரூ.20.75 கோடியில் நின்றுவிட்டது. அந்த விலைக்கே அவரைத் திரும்பப் பெறும் உரிமையை டெல்லி பயன்படுத்த முன்வந்தது. புதிய விதி, ஏலத்தில் வென்ற லக்னோவுக்கு விலையை ஒருமுறை உயர்த்திக்கொள்ள வாய்ப்பளித்தது. லக்னோ நேராக 27க்குத் தாவியது, டெல்லி விலகியது. அப்படியானால் பந்த்தின் மதிப்பு 20.75 கோடியா, 27 கோடியா? இடையிலுள்ள ஆறேகால் கோடிக்கு அவருடைய மட்டை காரணமல்ல; விதிப் புத்தகத்தின் ஒரு பத்திதான் காரணம்.

அபுதாபியிலும் இதே கதை. அங்கே மொத்தம் இருந்தது ரூ.237.55 கோடி. அதில் ரூ.64.30 கோடி கொல்கத்தாவிடமும் ரூ.43.40 கோடி சென்னையிடமும் இருந்தன. மும்பையின் கையில் ரூ.2.75 கோடிதான். கிரீனுக்காகக் கடைசிவரை மோதியவை பணம் மிகுந்த அந்த இரண்டு அணிகளே. முந்தைய ஏலத்தில் ரூ.23.75 கோடி பெற்ற வெங்கடேஷ் ஐயரை விடுவித்ததால் கொல்கத்தாவின் கையிருப்பு பெருகியிருந்தது. அதே வெங்கடேஷை இம்முறை பெங்களூரு ரூ.7 கோடிக்கு வாங்கியது. பதின்மூன்று மாதங்களில் ஒருவரின் திறமை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்துவிடுமா என்ன? அவரைத் துரத்திய பணம் குறைந்தது.

இதுவரை சொன்னது ரசிகர்கள் அசைபோட வேண்டிய கணக்கு. வீரர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு வேறு. நியூயார்க் நண்பர்களுக்கு 260 டாலர் என்பது ஆட்டத்தைச் சுவையாக்கும் விதி. ஐபிஎல்லில் அதே விதி, உழைப்பவர்களின் ஊதிய உச்சவரம்பு. அமெரிக்காவின் உண்மையான பேஸ்பால் வீரர்களுக்கு அப்படியொரு கறாரான வரம்பு இல்லை. அணி உரிமையாளர்கள் அதைக் கொண்டுவர முயன்றபோது 1994 ஆகஸ்டில் வீரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அந்த ஆண்டின் உலகத் தொடரே ரத்தானது. அந்த எதிர்ப்பின் பலனாகத்தான் 2024 டிசம்பரில் ஹுவான் சோட்டோவால் 15 ஆண்டுகளுக்கு 76.5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடிந்தது. நடப்பு ஊதிய ஒப்பந்தத்தின் காலம் 2026 டிசம்பர் 1 அன்று முடிவதால், அந்த விவாதம் அங்கே மீண்டும் சூடுபிடித்திருக்கிறது.

இங்கே 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை ரூ.48,390 கோடிக்கு விற்கப்பட்டது; ஆண்டுக்குச் சராசரியாக ரூ.9,678 கோடி. போட்டி ஊதியத்தையும் செயல்பாட்டு ஊக்கத்தொகையையும் சேர்த்து 2025இல் ஓர் அணிக்கு அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு ரூ.146 கோடி. பத்து அணிகளுக்கும் சேர்த்து ரூ.1,460 கோடி. ஒளிபரப்பு வருவாயோடு மட்டும் ஒப்பிட்டாலே ஏறக்குறைய 15 விழுக்காடுதான். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கிலும் உச்சவரம்பு உண்டு. ஆனால், அங்கே அது வீரர்கள் சங்கத்துடன் பேசி முடிவாகிறது. வருவாயில் பாதியளவு வீரர்களுக்குச் செல்கிறது.

உச்சவரம்பே கூடாது என்பதல்ல வாதம். அது இல்லையெனில் ஆழமான பை வைத்திருக்கும் இரண்டு மூன்று அணிகள் கோப்பையைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளும். சிறிய அணிகளின் ரசிகர்களுக்கு ஏப்ரல் மாதத்திலேயே தொடர் முடிந்துவிடும். சிக்கல், அந்த வரம்பை யார் வரைகிறார்கள் என்பதில் இருக்கிறது. கிரீனையே எடுத்துக்கொள்ளலாம். குறு ஏலத்தில் வெளிநாட்டு வீரர் பெறக்கூடியது ரூ.18 கோடிதான் என்ற விதியால், அவர் பெயரில் கூவப்பட்ட தொகையில் ரூ.7.20 கோடி வீரர் நலனுக்கென இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்துக்குச் சென்றது. இந்தியாவிலோ, இந்தியன் கிரிக்கெட்டர்ஸ் அசோசியேஷன் ஓய்வுபெற்றவர்களுக்கான அமைப்பு. இன்று களத்தில் இருப்பவர்கள் சார்பில் பேச்சு மேசையில் அமர எவரும் இல்லை.

நடப்பு ஒளிபரப்பு ஒப்பந்தம் 2027 தொடரோடு முடிகிறது. அந்த ஆண்டுக்கான உச்சவரம்பு ரூ.157 கோடி என்பது 2024இலேயே அறிவிக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பின் உரிமை எவ்வளவுக்கு விற்கப்பட்டாலும், அதில் வீரர்களின் பங்கு எவ்வளவு என்பதை, இப்போதைய ஏற்பாட்டின்படி, வாரியமும் அணி உரிமையாளர்களும்தான் முடிவுசெய்வார்கள். ரூ.30 லட்சம் அடிப்படை விலையில் பெயர் கொடுத்துக் காத்திருக்கும் ரஞ்சி வீரருக்கு அந்தக் கூட்டத்தில் நாற்காலி கிடையாது.