அர்த்தம் தெரியாத கோஷம் எதற்கு?

காரியாபட்டியில் பஸ்சுக்கு நின்றபோது ஒரு பையனைப் பார்த்தேன். பத்து வயசு இருக்கும். கராத்தே உடுப்பு, இடுப்பில் மஞ்சள் பெல்ட்.

"கிளாசிலே என்னப்பா சொல்லிக் கொடுக்கிறாங்க?" என்றேன்.

மளமளவென்று ஐந்து வரி ஒப்பித்தான். எல்லாம் இங்கிலீஷ்!

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"தெரியாது அண்ணாச்சி. சத்தமாச் சொல்லணும். சொல்லலேன்னா இருபது தண்டால்!"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த ஐந்து வரி லேசுப்பட்டதல்ல. ஜப்பான் கராத்தே பள்ளிகளின் உறுதிமொழி அது. குணத்தைத் திருத்து, உண்மையாய் இரு, முயற்சியை விடாதே, பிறரை மதி, முரட்டுத்தனத்தை அடக்கு. இதுதான் அதன் சாரம். தண்டாலுக்குப் பயந்து கத்துகிற பையனுக்கு இதில் எது மனதில் ஏறும்?

முதலில் அடிக்காதே!

கராத்தேயை ஜப்பான் முழுக்கப் பரப்பிய பூனாகோஷி, ஒகினாவா தீவில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். 1922-ல் டோக்கியோ வந்து கராத்தேயைச் செய்து காட்டினார். 1957-ல் காலமானார். 1968-ல் காமகுரா நகரின் புத்தர் கோவிலில் அவருக்கு நினைவுக்கல் வைத்தார்கள். அதில் உதை, குத்து பற்றி ஒன்றுமில்லை. கராத்தேக்காரன் முதலில் அடிக்க மாட்டான் என்ற கருத்தைத்தான் பொறித்தார்கள்.

இதற்கு நேர் எதிரான கோஷம் ஒன்றும் உண்டு. முதலில் அடி, பலமாய் அடி, இரக்கம் காட்டாதே! 1984-ல் வந்த 'கராத்தே கிட்' என்ற அமெரிக்கப் படத்தில் வில்லன் நடத்தும் பள்ளியின் கோஷம் இது. இன்று பனியனில் அச்சடித்து விற்பது எது தெரியுமா? வில்லன் கோஷம்தான்!

நம் சிலம்பம் எப்படி?

சிலம்பத்தில் கம்பைத் தொடுமுன் மண்ணைத் தொட்டுக் கும்பிட வேண்டும். வாத்தியாருக்கு வணக்கம் வைக்க வேண்டும். போட்டியில் கம்பு உடம்பில் பட்டாலே புள்ளி. எலும்பை உடைக்க வேண்டியதில்லை. கை ஓங்கவும் தெரிய வேண்டும், நிறுத்தவும் தெரிய வேண்டும்.

இன்று சிலம்பத்துக்கு மவுசு கூடியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2024 ஜனவரியில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. நல்ல சேதி. ஆனால் கம்பு பிடிக்கிற கை பெருகும்போது பொறுப்பும் பெருக வேண்டாமா?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை மறக்க முடியுமா? கூடப் படித்த மாணவனைச் சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அரசு நியமித்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு, சாதியைக் காட்டும் கைக்கயிறு பள்ளியில் வேண்டாம் என்று 2024-ல் அறிக்கை கொடுத்தார். கம்பு வாத்தியார்களும் இதைக் கவனிக்க வேண்டும். எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நின்று ஒரே வணக்கம் வைக்கிற இடம் சிலம்பக் களம். அங்கே கயிற்று நிறம் நுழையக் கூடாது!

வாத்தியார்களே, பெற்றோர்களே!

உறுதிமொழியைத் தமிழில் சொல்லிக் கொடுங்கள். அர்த்தம் கேளுங்கள். தெருவில் வம்புக்குப் போய் அடித்த பையனை, எத்தனை கப் வாங்கியவனானாலும், ஒரு மாதம் கம்பைத் தொட விடாதீர்கள். பீஸ் போனாலும் போகட்டும்!

பெல்ட் எப்போது மாறும் என்று கேட்கிற பெற்றோர்கள், பையன் குணம் மாறியதா என்றும் கேட்க வேண்டும்.

சுவரில் எழுதினால் மட்டும் போதாது என்று நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டாசு ஆலைச் சுவரிலும் பாதுகாப்பு வாசகம் இருக்கத்தான் செய்கிறது. விதியை மீறி மருந்தைக் கையாண்டால் வாசகமா வந்து காப்பாற்றும்?

பையன் கையும் அப்படித்தான். கற்றுக் கொடுத்தபின் அது மருந்து அடைத்த வெடி. திரியை யார் கையில் கொடுக்கிறோம் என்று பார்த்துக் கொடுங்கள்!