வகுப்பறைக் குறிப்புகள் - 11: எழுதினது யாரு?

போன வாரம் பதிவு போடலை. என்னாச்சுன்னு கேட்டு மடல் எழுதின மூணு பேருக்கும் (ஆமா, மொத்தமே மூணு பேருதான்) நன்றி. காரணம் கடைசில சொல்றேன்.

இந்த செமஸ்டர் 1865-லிருந்து 1914 வரைக்குமான அமெரிக்க இலக்கியம். "அமெரிக்கா போயி யாராவது இங்கிலீஷ் படிப்பாங்களா?"ன்னு கேக்கற சித்தப்பாக்களுக்கு: படிக்கறேன் சித்தப்பா, நல்லாத்தான் இருக்கு.

உள்நாட்டுப் போர் 1865-ல முடிஞ்சுது. ரயிலும் தொழிற்சாலையும் பெருநகரமும் வந்தப்புறம் பழைய சாகசக் கதைகள் எடுபடலை. 'அட்லாண்டிக் மன்த்லி' பத்திரிகைக்குப் பத்து வருஷம் ஆசிரியரா இருந்த வில்லியம் டீன் ஹாவல்ஸ், சாதாரண மனுசங்களை உள்ளது உள்ளபடி எழுதணும்னு சொன்னார். இது யதார்த்தவாதம். அடுத்து வந்த இளவட்டங்கள் இன்னும் ஒரு படி கீழே இறங்கினாங்க. டார்வின், பிரான்ஸ்ல ஸோலா, இவங்க பாதிப்புல, மனுசன் தானா எதையும் தீர்மானிக்கறதில்லை, பரம்பரை, பசி, பணம், பொறந்த இடம் எல்லாம் சேர்ந்து அவனைத் தள்ளிட்டுப் போகுதுன்னு எழுதினாங்க. இதுக்குப் பேரு நேச்சுரலிசம். தமிழ்ல இயல்புவாதம்ங்கறாங்க. பேரைப் பார்த்து மரம் செடி கொடி பத்தினதுன்னு நான்கூட நினைச்சுட்டுதான் போனேன்.

வகுப்புல சும்மா இருந்திருக்கலாம். கையைத் தூக்கி, "இது எங்க ஊர் விதிதான். தலையெழுத்துன்னு சொல்லுவோம்"னேன். பேராசிரியை கண்ணாடியைக் கழட்டினார். "தலையில எழுதினது யாரு?"

"பிரம்மா. கடவுள்."

"கிரேன் கதையில அந்த வேலைக்கு ஆளே கிடையாது. இன்னொரு தடவை படிச்சுட்டு வா."

கிரேன்னா ஸ்டீஃபன் கிரேன். போர் முடிஞ்சு ஆறு வருஷம் கழிச்சுப் பொறந்துட்டு, அந்தப் போரைப் பத்தி 1895-ல நாவல் எழுதிப் பேர் வாங்கின ஆளு. காசநோய் வந்து 28 வயசுல போயிட்டார். 1896 டிசம்பர் 31-ம் தேதி, கியூபா புரட்சிக்காரங்களுக்கு ஆயுதம் ஏத்திக்கிட்டு ஃபுளோரிடாவுலேர்ந்து கிளம்பின 'கமடோர்' கப்பல்ல நிருபரா ஏறினார். ஜனவரி 2-ம் தேதி காலையில கப்பல் மூழ்கிடுச்சு. ஒரு குட்டிப் படகுல நாலு பேரு: காயம்பட்ட கேப்டன், சமையல்காரர், இஞ்சினுக்கு எண்ணெய் போடற ஆயிலர், அப்புறம் கிரேன். சுமார் முப்பது மணி நேரம் கடல்ல. ஊருக்கு வந்ததும் பத்திரிகைக்குக் கப்பல் மூழ்கினதை விலாவாரியா எழுதினார், படகுல கழிச்ச நேரத்தை மட்டும் கிட்டத்தட்ட தாண்டிட்டுப் போயிட்டார். அது ஜூன் மாசம் 'ஸ்கிரிப்னர்ஸ்' பத்திரிகையில 'தி ஓப்பன் போட்'ங்கற கதையா வந்துச்சு.

கதையில என்னை உலுக்கினது கரையில நிக்கற ஜனங்கதான். கலங்கரை விளக்கம் தெரியுது, மணல் தெரியுது. ஒருத்தன் கோட்டைக் கழட்டிச் சுத்திச் சுத்திக் காட்டறான். அதுக்கு என்ன அர்த்தம்னு படகுல விவாதமே நடக்குது. மீன் பிடிக்க வந்தவங்கன்னு நினைச்சுட்டானோ? பொழுது சாயுது, யாரும் வரலை. நிருபருக்குக் கோவம் வருது. ஆனா யார் மேல கோவப்படறது? கடல் அவங்களைக் கொல்லவும் நினைக்கலை, காப்பாத்தவும் நினைக்கலை.

மறுநாள் வேற வழியில்லாம அலைக்குள்ளயே இறங்கறாங்க. நிருபரை ஒரு பெரிய அலை தூக்கி ஆழமில்லாத இடத்துல போடுது. நாலு பேர்ல பலசாலி, முன்னாடி வேகமா நீந்தினவர் ஆயிலர். செத்துப் போறது அவரு ஒருத்தர்தான். கதையில பேர் இருக்கறதும் அவருக்கு மட்டும்தான், பில்லி.

ரெண்டாவது தடவை படிக்கறப்போதான் கண்ணுல பட்டுது. கப்பல் மூழ்கறதுக்கு முன்னாடி பில்லி இஞ்சின் ரூம்ல டபுள் டூட்டி பார்த்திருக்கார். கிரேன் அதைப் போற போக்குல சொல்லிட்டு நகர்ந்துடறார். அப்புறம் ராத்திரி பூரா துடுப்பு வேற.

அதைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி அம்மா ஃபோன். மாமா போயிட்டாரு. அம்மாவோட கடைசித் தம்பி, மில்லுல ஃபிட்டர், 46 வயசு. நைட் ஷிப்ட் முடிச்சு, ஆள் வரலைன்னு பகல் ஷிப்ட்டும் பார்த்துட்டு வந்து படுத்தவர் எந்திரிக்கலை. டிக்கெட் போட்டாலும் காரியத்துக்குப் போய்ச் சேர முடியாது. போகலை.

"அவன் தலையெழுத்து அவ்வளவுதான் கண்ணு"ன்னாங்க அம்மா.

வகுப்புல கத்துக்கிட்டதெல்லாம் நாக்கு நுனிக்கு வந்துச்சு. எழுத்தெல்லாம் இல்லம்மா, டபுள் ஷிப்ட்டும்மா, மூணு வருஷமா பார்க்காத பிரஷர்ம்மா. சொல்லலை. அம்மாவுக்குக் கோவப்பட ஒருத்தர் வேணும். மில்லு மேல கோவப்பட்டா அத்தைக்கு வர வேண்டிய பணம் நின்னுடுமோன்னு அவங்களுக்குப் பயம். சாமி மேல தாராளமா கோவப்படலாம்.

அஞ்சாறு நாள் கழிச்சு, "என்னதான் படிக்கறே?"ன்னு கேட்டாங்க. படகுக் கதையைச் சொன்னேன். கடைசி வரைக்கும் கேட்டுட்டு, "அந்த பில்லிக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருந்தாங்களா?"ன்னாங்க.

கதையில அது இல்லைன்னேன்.

"ஏன் எழுதலை அந்தாளு?"

பேப்பர் வியாழக்கிழமை குடுக்கணும். டபுள் டூட்டி பத்தி நாலு பக்கம் வந்திருக்கு. அம்மாவோட கேள்வியை எங்க வைக்கறதுன்னு தெரியாம முழிச்சுட்டு இருக்கேன். அடிக்குறிப்பா போட்டா பேராசிரியை திரும்பவும் கண்ணாடியைக் கழட்டுவாங்க.

அடுத்த வாரம் டிரைசர்.